குளிர்விப்புச் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா? ஹீலிக்ஸ் ஆய்வை முன்வைத்து ஒரு விவாதம்

ஆய்வுமாணவி:

பிரசவ நேரத்தில் மூளைக்குப் போதிய உயிர்வளியும் இரத்தமும் கிடைக்காமல் பிறந்து, அழாமல் துவண்டு கிடக்கும் குழந்தைகளின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியசுக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் நடக்கிறது. பெருமூளை வாதம் (மூளைச் சேதத்தால் கை கால் அசைவு பாதிக்கப்படும் நிலை) வராமல் அது காக்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கையை நம் மண்ணிலேயே சோதித்துப் பார்த்தது ஹீலிக்ஸ் ஆய்வு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைமையில், சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 2015 ஆகஸ்ட் முதல் 2019 பிப்ரவரி வரை 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, யாருக்குக் குளிர்விப்பு, யாருக்கு வழக்கமான பராமரிப்பு என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது.

முடிவு 2021 இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. இறப்பு அல்லது நடுத்தர, கடும் இயலாமை என்ற கூட்டு விளைவு குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 50 விழுக்காட்டினருக்கும், குளிர்விக்கப்படாத குழந்தைகளில் 47 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. இறப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் 42 விழுக்காடும் 31 விழுக்காடும். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் தீவிர சிகிச்சை வசதி இருந்தாலும் இந்தச் சிகிச்சையை அளிக்கக் கூடாது என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். பிறகும் ஏன் தொடர்கிறோம் என்பதே என் கேள்வி.

பச்சிளம்பிரிவு:

நான் இருபது ஆண்டுகளாகப் பச்சிளங்குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். ஹீலிக்ஸ் நேர்மையாக நடத்தப்பட்ட ஆய்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் முடிவை ஒவ்வொரு மருத்துவமனையின் ஒவ்வொரு குழந்தைக்கும் நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வேறு இடத்தில் பிறந்து, பிறகு கொண்டுவரப்பட்டவர்கள். சேர்க்கப்படும் நேரத்திலேயே பெரும்பாலோருக்கு வலிப்பு வந்திருந்தது. மேலைநாட்டு ஆய்வுகள் பலவற்றில் இரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்து, பாதிப்பு பிரசவ நேரத்தில்தான் நேர்ந்தது என்பதை உறுதிசெய்த பிறகே குழந்தையைச் சேர்த்தார்கள். ஹீலிக்ஸில் அது கட்டாயமாக்கப்படவில்லை. மூளைக்கு ஏற்படும் சேதம் இரண்டு கட்டமாக நிகழ்கிறது. முதல் அடிக்குப் பிறகு சில மணி நேரம் மூளை அணுக்கள் தேறியதுபோல் தோன்றி, பின்னர் மறுபடியும் ஆற்றல் இழந்து அழியத் தொடங்கும். அந்த இடைவெளியில், அதாவது பிறந்த 6 மணி நேரத்துக்குள், குளிர்விப்பைத் தொடங்கினால்தான் பயன் உண்டு. இடைவெளி கடந்துபோன குழந்தைக்குக் கொடுத்துவிட்டு மருந்தைக் குறை சொல்வது முறையாகாது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 11 ஆய்வுகளிலிருந்து 1,505 குழந்தைகளைத் திரட்டிப் பார்த்தது. 7 குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தை இறப்பிலிருந்தோ பெரும் இயலாமையிலிருந்தோ காக்கப்படுகிறது என்று அது கண்டது. நம் நாட்டிலேயே 50 குழந்தைகளைக் கொண்டு நடந்த தின் ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களின் மூளை நரம்பிழைகள் எம்.ஆர்.ஐ. படத்தில் கூடுதல் நலத்துடன் காணப்பட்டன.

ஆய்வுமாணவி:

மதிப்புக்குரிய ஐயா, தின் ஆய்வு அளந்தது படத்தை. அந்தக் குழந்தைகள் ஒன்றரை வயதில் உட்கார்ந்தார்களா, நடந்தார்களா என்பதை 50 பேரைக் கொண்டு சொல்ல இயலாது. காக்ரேன் தொகுத்த குழந்தைகளோ பெரும்பாலும் வேறு வகையான கர்ப்பகாலத்தையும் வேறு வகையான பிரசவ அறையையும் கண்டவர்கள். நஞ்சுக்கொடி திடீரெனப் பிரிவது, தொப்புள்கொடி நழுவுவது போன்ற ஒற்றைப் பேரிடிக்குப் பின் பிறந்த குழந்தைக்குக் குளிர்விப்பு உதவலாம். நம் பிரசவ அறைகளில் வலியை முடுக்க ஊசி போட்டு, வயிற்றிலுள்ள சிசுவின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிக்க ஆளின்றி, மணிக்கணக்கில் சிறுகச் சிறுக மூச்சுமுட்டிப் பிறக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். ஹீலிக்ஸ் குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் மூளையின் வெண்பகுதிச் சேதம் மிகுதியாக இருந்ததும் அதையே சுட்டுகிறது. நீங்கள் சொல்லும் அந்த இடைவெளி, இக்குழந்தைகள் வெளியே வருவதற்கு முன்பே முடிந்துபோயிருக்கலாம். அப்படியானால் ஆம்புலன்சை விரைவுபடுத்துவதால் மட்டும் விடிவு வராது.

முதல்பிள்ளையின் அம்மா:

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். என் மகனுக்கு இப்போது ஆறு வயது. ஒரு சிறிய ஊரில் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை, கழிவைக் குடித்துவிட்டான் என்றார்கள். 108 வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கே குளிர்வித்தார்கள். இரண்டாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போய்க் காட்டினார்கள். மார்கழி மாதம். நீர் ஓடும் ஒரு மெத்தையின் மீது, உடம்பில் துணியே இல்லாமல், ஆசனவாயில் வெப்பமானியின் கம்பியோடு கிடந்தான். விரலைத் தொட்டேன், மண்பானைபோல் சில்லென்று இருந்தது. கையில் வைத்திருந்த துண்டைப் போர்த்திவிடப் போனேன், செவிலியர் மெதுவாகத் தடுத்துவிட்டார். பிறந்த பிள்ளைக்குக் குளிர் படக்கூடாது என்று என் பாட்டி காதில் பஞ்சு வைத்துக் கட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவனுக்குப் பெருமூளை வாதம் வந்தது. கைப்பிடி நடைவண்டியின் துணையோடு நடக்கிறான். தினமும் காலையில் கால்களுக்கு ஸ்பிளிண்ட் மாட்டிவிட ஏழு நிமிடம் ஆகிறது.

நீங்கள் இருவரும் எழுதியதை நிதானமாகப் படித்துவிட்டு, ஆய்வின் எண்களைத் தேடிப் பார்த்தேன். குளிர்விக்கப்பட்டவர்களில் கெட்ட விளைவு 98 பேருக்கு, அவர்களில் 84 பேர் இறந்தவர்கள். மற்றக் குழுவில் 94 பேர், அவர்களில் 63 பேர் இறந்தவர்கள். கழித்துப் பார்த்தால், உயிரோடு இருந்து இயலாமைக்கு ஆளானவர்கள் குளிர்விக்கப்பட்ட குழுவில் 14, மற்றதில் 31. இறப்பையும் இயலாமையையும் ஒரே கூடையில் போட்டு எண்ணி 'பயன் இல்லை' என்று சொல்வது எனக்குப் புரியவில்லை. என் மகனும் இறந்துபோன ஒரு குழந்தையும் ஒரே கணக்கில் ஒரே எண்ணாக நிற்கிறார்களா?

பச்சிளம்பிரிவு:

அம்மா, நீங்கள் போட்ட கழித்தல் கணக்குச் சரியானது. உயிர் பிழைத்து, ஆய்வுக் கணக்கில் வந்தவர்களை மட்டும் பார்த்தால் 111 பேரில் 14, 136 பேரில் 31. ஏறத்தாழ 13 விழுக்காடும் 23 விழுக்காடும். குளிர்விப்பு மூளையைக் காக்கிறது, ஆனால் நம் சூழலில் உடலின் பிற உறுப்புகள் அந்தக் குளிரைத் தாங்கவில்லை என்று நான் இதைப் படிக்கிறேன். அப்படியென்றால் செய்ய வேண்டியது குளிர்விப்பின் போது குருதி அழுத்தத்தையும் சுவாசத்தையும் கிருமித்தொற்றையும் இன்னும் கூர்ந்து கவனிப்பது. சிகிச்சையையே கைவிடுவதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

ஆய்வுமாணவி:

இங்கேதான் நான் உறுதியாக மறுக்க வேண்டியிருக்கிறது. குலுக்கல் முறையின் வலிமையெல்லாம் இரண்டு குழுவும் தொடக்கத்தில் ஒத்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. பிழைத்தவர்களை மட்டும் பிரித்து ஒப்பிடும் நொடியில் அந்த ஒப்புமை உடைந்துவிடுகிறது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தை, குளிர்விக்கப்படாமல் இருந்திருந்தால், பெருமூளை வாதத்தோடு உயிர் வாழ்ந்து 31 பேரில் ஒருவராக எண்ணப்பட்டிருக்கும். அதே குழந்தை குளிர்விக்கப்பட்டு மூன்றாம் நாள் இறந்திருந்தால், 84 பேரில் ஒருவராகிவிடும். இயலாமை குறைந்ததுபோல் தோன்றும், ஆனால் யாருடைய மூளையும் காக்கப்பட்டிருக்காது. இறப்பையும் இயலாமையையும் சேர்த்து எண்ணுவது இந்தப் பிழை நேராமல் இருக்கத்தான். அம்மா, உங்கள் மகனையும் இறந்த குழந்தையையும் சமமாக யாரும் மதிக்கவில்லை. ஆனால் உங்கள் வருத்தம் நியாயமானது. நீங்கள் செய்ததுபோல் இரண்டையும் தனித்தனியாகவும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும். நான் என் முதல் பதிவில் இறப்பை மட்டும் பிரித்துச் சொல்லிவிட்டு இயலாமையைச் சொல்லாமல் விட்டேன். அது என் தவறு.

வைகைக்கரை:

எனக்கு வேறொரு கேள்வி. பிரிட்டனின் தலைமையில் 325 குழந்தைகளைக் கொண்டு குளிர்விப்பைச் சோதித்த டோபி ஆய்வு வெளியானது 2009 இல். அதன் பிறகு செல்வ நாடுகளில் குளிர்விப்பு வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. 2015 இல் சென்னையில் பிறந்த குழந்தைக்கு அதைக் குலுக்கலில் மறுத்தது அறமா? லண்டனில் அப்படி ஓர் ஒப்பீட்டுக் குழுவை வைத்திருக்க விட்டிருப்பார்களா?

ஆய்வுமாணவி:

கேள்வி நியாயமானதே. ஆனால் விளைவைப் பாருங்கள். மறுக்கப்பட்டதாக நீங்கள் கருதும் குழுவில்தான் இறப்பு குறைவு. ஆய்வு நடந்திராவிட்டால், பனிக்கட்டிப் பைகளையும் ஜெல் பைகளையும் வைத்துக்கூட நாடெங்கும் குளிர்வித்துக்கொண்டே இருந்திருப்போம், யார் இறந்தார்கள் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

வைகைக்கரை:

பின்னால் தெரிந்த விளைவைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவுக்கு நியாயம் கற்பிக்க முடியாது. 2015 இல் அது எவருக்கும் தெரியாது. பிரசவ வலி அடங்குமுன், ஆறு மணி நேரத்துக்குள் ஒரு தந்தையிடம் கையெழுத்து வாங்கும்போது, அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கும் என்பதே என் கவலை. இதில் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

பச்சிளம்பிரிவு:

வைகைக்கரையின் கவலை எங்கள் அன்றாடம். ஆய்வுக்கு வெளியே, வழக்கமான சிகிச்சையாகக் குளிர்விக்கும்போது நாங்கள் அவ்வளவுகூட விளக்குவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் நிலைப்பாடு இதுதான். எங்கள் மருத்துவமனையிலேயே பிறந்து, திடீர்ப் பாதிப்பு இன்னதென்று தெளிவாகத் தெரிந்து, இரத்தப் பரிசோதனையும் அதையே காட்டி, 6 மணி நேரத்துக்குள் தொடங்க முடிந்த குழந்தைக்குக் குளிர்விப்பைத் தொடர்வேன். வெளியிலிருந்து தாமதமாக, வலிப்போடு வந்து சேரும் குழந்தைக்கு இனிச் செய்ய மாட்டேன். அங்கே காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதும், சர்க்கரையளவையும் வலிப்பையும் கட்டுக்குள் வைப்பதும் போதும். ஆய்வுமாணவி இதையும் மறுப்பார் என்று அறிவேன்.

ஆய்வுமாணவி:

மறுக்கிறேன். அந்த முதல் வகைக் குழந்தைக்குப் பயன் உண்டு என்பது இந்நாட்டில் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அவர்களை மட்டும் கொண்டு இன்னோர் ஆய்வு நடக்கும்வரை அது உங்கள் அனுபவத்தின் மீதான நம்பிக்கை மட்டுமே.

முதல்பிள்ளையின் அம்மா:

ஐயா, தொடர்வதானால் ஒன்று செய்யுங்கள். கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் இறந்தவர்கள் 42 விழுக்காடு, 31 விழுக்காடு என்றும், அதற்குக் கீழே இயலாமைக்கு ஆளானவர்கள் 14 பேர், 31 பேர் என்றும், தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். அன்று என் கணவரிடம் கொடுத்த தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கே கையெழுத்திட வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தார்கள்.