கணக்கில் 55 மி.லி., ஜாடியில் 63 மி.லி. எங்கே தப்பு?

பிளஸ் ஒன் மாணவி:
நேத்து லேப்ல 0.060 கிராம் மெக்னீசியம் நாடாவை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டோம். வந்த ஹைட்ரஜனை, தண்ணி நிரப்பிக் கவிழ்த்த 100 மி.லி. அளவு ஜாடியில பிடிச்சோம். 63 மி.லி. வந்துச்சு.

0.060-ஐ மெக்னீசியத்தோட அணு எடை 24.3-ஆல வகுத்தா 0.00247 மோல், ஹைட்ரஜனும் அதே அளவு மோல்தான். ஒரு மோல் வாயுவுக்கு 22,400 மி.லி.ன்னு பெருக்கினா 55.3 மி.லி. தான். வாயுச் சமன்பாடு பி.வி. = என்.ஆர்.டி. போட்டா 5.5 மி.லி.ன்னு வருது! லேப்ல 27 டிகிரி செல்சியஸ், பாரோமீட்டர் 760 மி.மீ. பாதரசம். மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். நாளைக்கு ரெக்கார்டு வைக்கணும், யாராவது சொல்லுங்க.

பதில் 1:
டி-க்கு, அதாவது வெப்பநிலைக்கு, 27 போட்டிருக்கீங்க. கெல்வின்ல 300 போடுங்க, 60.8 மி.லி. வரும். 22.4 லிட்டர் கணக்கு 0 டிகிரிக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும்தான். உங்க லேப் அவ்வளவு குளிரா இருக்காதே.

மாணவி:
60.8 வந்துடுச்சு அண்ணா, ரொம்ப நன்றி. ஆனா இன்னும் 2 மி.லி. இடிக்குது. நாடா மேல வெள்ளையா படிஞ்சிருந்துச்சு, அதனாலயா?

பதில் 2 (வேதியியல் ஆசிரியர்):
இல்லம்மா. அந்த வெள்ளை ஆக்சைடு. அது இருந்தா ஹைட்ரஜன் குறையும், உனக்குக் கூடியிருக்கு. அடுத்த தடவை உப்புத்தாளால தேய்ச்சுட்டு எடை போடு.

ஜாடிக்குள்ள ஹைட்ரஜனோட நீராவியும் இருக்கு. தண்ணிக்கு மேல பிடிச்ச எந்த வாயுவுக்கும் இது உண்டு. 27 டிகிரியில நீராவி அழுத்தம் 26.7 மி.மீ. மொத்த அழுத்தம் ஒவ்வொரு வாயுவோட அழுத்தத்தையும் கூட்டினதுங்கிற டால்டன் விதிப்படி 760-ல அதைக் கழிச்சா ஹைட்ரஜனுக்கு 733.3. இப்போ 60.8 × 760 ÷ 733.3 போட்டுப் பாரு. 63.0!

ஒண்ணு கேக்கணும்: அளவு பாக்கும்போது ஜாடிக்கு உள்ளயும் வெளியிலயும் தண்ணி மட்டம் ஒண்ணா இருந்துச்சா? உள்ளே 13.6 செ.மீ. உயரமா நின்னா, உள்ளழுத்தம் 10 மி.மீ. பாதரசம் அளவு குறைஞ்சிடும். நிறைய பிள்ளைங்க இதைத்தான் விட்டுடறாங்க.

பதில் 3:
சார், சில புத்தகத்துல 22.7 லிட்டர்னு இருக்கே?

ஆசிரியர்:
அது 0 டிகிரி, 1 பார் அழுத்தத்துக்கு. ஐ.யூ.பி.ஏ.சி.ங்கிற சர்வதேச வேதியியல் அமைப்பு 1982-ல அப்படி மாத்துச்சு. கேள்வியில எந்த அழுத்தம் கொடுத்திருக்குன்னு முதல்ல பாருங்க.

மாணவி:
ஜாடியைத் தொட்டிக்குள்ள இறக்கி, ரெண்டு மட்டத்தையும் ஒண்ணாக்கிட்டுத்தான் பாத்தோம் சார். 26.7 கழிச்ச வரியை ரெக்கார்டுல சேர்த்துட்டேன்.