எங்கள் டிவிசன் ரோட்டு மதகு யாருடையது? பிரதேச சபையா, தோட்டமா?

மேட்டுலயத்து டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் பிரிவுக்கு ஏறும்போது இரண்டாவது முடக்கில் ஒரு மதகு, அதாவது ஓடைக்கு மேலே ரோட்டைத் தாங்கும் சின்னப் பாலம், இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டு. போன ஜூன் மழையில் பள்ளப் பக்கத்துக் கல் மொத்தமாகச் சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது ஐந்தடி அகலம். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஆட்கள் இரண்டு சவுக்கு மரத்தைக் குறுக்கே போட்டு, மேலே பழைய கூரைத் தகரம் விரித்து, மண் கொட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் என்னிடம் வரும் 23 பிள்ளைகளில் 14 பேர் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள். மழை நாளில் நான் இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு கையாகப் பிடித்து இறக்குகிறேன்.

போன மாதம் எங்கள் லயத்தில் ஒரு பாட்டிக்கு நெஞ்சு வலி. 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம், வண்டியும் சீக்கிரமே வந்தது. ஆனால் மதகுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கம்பளியில் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கினோம். பாட்டி பிழைத்துவிட்டார். இருந்தாலும் அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் சொல்கிறார், "2019-இல் மேல் துண்டுக்குக் கொங்கிரீட் போட்டது சபை. அப்போ ரோட்டு சபையோடது." சபையில் போய்க் கேட்டால், "அந்த மேல் துண்டு மட்டும்தான் நாங்க போட்டது. மதகு தோட்டத்தோட காணியில இருக்கு." 2022-இல் 61 பேர் கையெழுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்த மகஜர் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான்: உண்மையிலேயே யார் பொறுப்பு? யாருக்கு, என்னவென்று எழுத வேண்டும்?

பணியக்கணக்கு:

தங்கச்சி, மலையகத்து ஆபீஸ்களில் 27 வருசம் கிளாக்கராக இருந்தேன். கடைசி 9 வருசம் ஒரு பிரதேச சபையில். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டித்தான் எங்களை இத்தனை காலம் வாசலில் நிற்க வைத்தார்கள். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்வதற்கு அது போதுமாக இருந்தது. ஓட்டுக் கேட்க மட்டும் லயத்து வாசல் வரைக்கும் வருவார்கள். 2018-இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இப்போது தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டத்து மக்களுக்கு ரோட்டு, கிணறு, பொது வசதி எல்லாம் சபை செய்து கொடுக்கலாம். "தோட்டத்துக் காணி, நாங்க தொட முடியாது" என்று இனி யாராவது சொன்னால், 2018 திருத்தத்தை வாசித்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். காணி அரசாங்கத்துடையது, 1992-இல் கம்பெனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள், பிறகு குத்தகை. அதனால் கம்பெனியின் சொல்லும் வேண்டியிருக்கிறது.

ஆனால் சட்டம் "செய்யலாம்" என்கிறது, "செய்தே ஆக வேண்டும்" என்று சொல்லவில்லை. உங்கள் மதகு மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். அந்த ரோட்டு சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாத ரோட்டுக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எஸ்டிமேட் போடத் தயங்குவார், ஏனென்றால் கணக்காய்வில் கேள்வி அவரிடம்தான் வரும். 2019-இல் மேல் துண்டு எந்தக் காசில் போடப்பட்டது என்றும் கேளுங்கள். எம்.பி. ஒதுக்கீட்டில் போட்டிருந்தால், ரோட்டுப் பதிவில் ஏறாமலே வேலை மட்டும் நடந்திருக்கலாம்.

வாயால் கேட்காதீர்கள். 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள், தமிழிலேயே. தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் 2022 மகஜருக்கு என்ன ஆனது என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரைக்கும் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, செயலாளர்தான் எல்லாம். பிரேரணையாகக் கொண்டுபோக ஆள் இல்லாத கடதாசி எந்த அலுமாரியில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

கொழுந்துலொறி:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டுமா? எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னோம், அவர் மேலே பேசினார், மூன்று மாதத்தில் கொங்கிரீட் வந்தது. டீச்சரும் அந்த வழியில் போகலாமே. பிள்ளைகள் தினமும் அதில் நடக்கிறார்கள், பதிவேடு வரும் வரைக்கும் காத்திருக்க முடியுமா?

பசறைப் பக்கத்து மகள்:

கொழுந்துலொறி அண்ணா, எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. பெயர்ப்பலகை வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். இரண்டாவது மழைக்கே ஒரு பக்கம் பிளந்துவிட்டது, கான் வெட்டாமல் கொங்கிரீட்டை மட்டும் ஊற்றியதால். மேட்டிலிருந்து வந்த தண்ணி போக வழியில்லாமல் கொங்கிரீட்டுக்கு அடியில் இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு போனது. திருத்தச் சொல்லிப் போனால், காசு கொடுத்தவர் தன் வேலை முடிந்தது என்கிறார், சபையோ தன் கணக்கில் அந்த ரோட்டே இல்லை என்கிறது. இன்றைக்கும் கர்ப்பிணிப் பெண்கள் அந்தத் துண்டில் ஓட்டோவை விட்டு இறங்கி நடக்கிறார்கள்.

டீச்சர், எஸ்டிமேட்டில் கானும் குழாயும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உங்கள் மதகு ஏன் சரிந்தது? ஒரு தடவை குனிந்து உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் மதகில் பாதிக்கு மேல் ஷொப்பிங் பேக்தான் அடைத்திருந்தது. தோட்டத்துக்குக் குப்பை லொறி வருவதில்லை, ஆட்கள் ஓடையில் கொட்டாமல் எங்கே கொட்டுவார்கள்? அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பணியக்கணக்கு:

இந்தத் தங்கச்சி சொன்னதுதான் விசயம். கொழுந்துலொறி தம்பி, அவசரம் புரிகிறது. தலைவரிடமும் சொல்லட்டும், தோட்டத்து லொறியும் அதே மதகில்தான் போகிறது, அதனால் தற்காலிகமாகப் பலப்படுத்தச் சொல்லித் துரையிடமும் (தோட்ட மனேஜர்) இன்றே கேட்கட்டும். நிரந்தர வேலை மட்டும் சபைக் கணக்கில் வரட்டும். அப்போதுதான் அடுத்த முறை இடிந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும்.

டீச்சர், துரையிடம் போகும்போது "திருத்தித் தாருங்கள்" என்று மட்டும் கேட்க வேண்டாம். சபை வேலை செய்ய நிர்வாகத்துக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் கேளுங்கள். கம்பெனிக்குச் செலவில்லை, கொடுக்க மனசு வரும். அதன் பிரதியோடு உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடித்து மாதாந்தக் கூட்டத்தில் பிரேரணை போட வையுங்கள். கூட்ட நாளில் நான்கு தாய்மார் போய்ப் பார்வையாளர் பக்கம் உட்காருங்கள், பேச வேண்டியதில்லை. அடுத்த வருசப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும், மதிப்பீடுகள் அதற்கு முன்பே தயாராகிவிடும். அதனால் தாமதிக்காதீர்கள்.

மேட்டுலயத்து டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் டோர்ச்சோடு இறங்கிப் பார்த்தேன். அக்கா சொன்னது மாதிரியே பேக், உரச்சாக்கு, பிள்ளைகளுடைய பழைய செருப்பு. பெரிய கிளாக்கரின் மகள் என்னிடம் படித்தவள். கிளாக்கரே டேப் கொண்டுவந்து பிடித்தார்: நீளம் 14 அடி, மிச்ச அகலம் 4 அடி 9 அங்குலம். கடிதம் பற்றித் துரையிடம் சொல்வதாகச் சொன்னார், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

தகவல் விண்ணப்பத்தை எழுதிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், பணியக்கணக்கு அண்ணா: ரோட்டுக்குப் பெயர் என்று ஒன்றும் இல்லை, எல்லாரும் மேட்டுலய ரோட்டு என்றுதான் சொல்கிறோம். விண்ணப்பத்தில் அப்படியே எழுதலாமா?

பணியக்கணக்கு:

அப்படியே எழுதுங்கள். கூடவே மெயின் ரோட்டில் எந்த மைல் கட்டையிலிருந்து ஏறுகிறது, எந்த லயத்தில் முடிகிறது என்று இரண்டு வரி. கையால் ஒரு படமும் வரைந்து மதகு இருக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். பதிவேட்டில் ஏற்றும்போதும் ஒரு பெயர் கேட்பார்கள், இதையே சொல்லுங்கள்.