சேனலில் 300 + 300 போட்டும் ஹாஸ்டலுக்கு மொத்தமே 300தான் வருகிறது

ரேக்ரூம்:

வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் நெட்வொர்க் பார்க்கிறேன். பேருக்குத்தான் நெட்வொர்க். பிரிண்டர், சிசிடிவி, செமினார் ஹால் மைக் எல்லாம் என் தலையில்.

சர்வர் ரூமில் கோர் சுவிட்ச் சிஸ்கோ 3750. ஹாஸ்டல் பிளாக்கில் 2960. நடுவில் இரண்டு ஃபைபர், இரண்டுமே 1 ஜி, எல்ஏசிபி (லிங்குகளைச் சேர்த்துக் கட்டும் முறை) போட்டு ஒரே போர்ட்-சேனல். அதில் சேர்ந்த ஒவ்வொரு போர்ட்டும் மெம்பர் போர்ட். இன்டர்நெட் லீஸ்டு லைன் 1 ஜி. அது ஃபயர்வாலில் இறங்கி, அங்கிருந்து ஒற்றை கேபிளில் கோருக்கு வருகிறது. ஹாஸ்டல் விலானுக்கு (தனியாகப் பிரித்த நெட்வொர்க்) கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், ஃபயர்வால்தான். கோர் வெறும் லேயர் 2, ஐபி ரூட்டிங் எதுவும் அதில் இல்லை.

சாயங்காலம் ஆனால் ஹாஸ்டல் பையன்கள் மொத்த லைனையும் குடித்துவிடுகிறார்கள். ஈவ்னிங் காலேஜ் லேபில் ஆன்லைன் டெஸ்ட் பேஜ் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஹாஸ்டலுக்கு 600 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகக்கூடாது என்று பிரின்சிபால் உத்தரவு. போர்ட்-சேனல் மேல் நேரடியாக லிமிட் போட இந்த மாடலில் வழி இல்லை, மெம்பர் போர்ட்டில்தான் போட வேண்டும். எனவே கோரில் இரண்டு மெம்பர் போர்ட்டிலும் எஸ்ஆர்ஆர்-க்யூ பேண்ட்வித் லிமிட் 30, அதாவது வெளியே போகும் டிராஃபிக்குக்கு போர்ட் வேகத்தில் 30 சதவீதம். 300 + 300 = 600. கணக்கு சரிதானே?

ஆனால் ஹாஸ்டல் டவுன்லோடு மொத்தமும் 300ஐத் தாண்டுவதில்லை. கிராஃபில் ஒரு போர்ட் 300ல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கிறது, அவுட்புட் டிராப் ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு போர்ட் தூங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் அப்லோடு மட்டும் இரண்டு போர்ட்டிலும் சமமாகப் போகிறது. எஸ்எஃப்பி (ஃபைபர் மாட்யூல்), பேட்ச் கார்டு மாற்றிப் பார்த்தாயிற்று. அதே கதைதான்.

டிக்மணி:

30ஐ 60 ஆக்குங்க பாஸ். ஒரு போர்ட்லயே 600 வந்துடும். முடிஞ்சது வேலை.

வைகைக்கரை:

மணி தம்பி, இன்றைக்கு முடியும். நாளைக்கே யாராவது அந்தச் சேனலைச் சரிசெய்தால் 600 + 600, மொத்தம் 1200. லைனே 1000தான். அப்புறம் லிமிட் எங்கே இருக்கிறது?

ரேக்ரூம் சார், ஃபைபரை விடுங்கள், அதன் மேல் தப்பே இல்லை. அப்லோடு சமமாகப் போகிறது என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. கோரில் ஷோ ஈதர்சேனல் லோட்-பேலன்ஸ் அடித்துப் பாருங்கள். யாரும் தொடாத பெட்டி என்றால் எஸ்ஆர்சி-மேக் என்று வரும். 3750, 2960 இரண்டுக்கும் அதுதான் டிஃபால்ட்.

அதாவது எந்த ஃபைபரில் அனுப்பலாம் என்பதை ஃபிரேமின் சோர்ஸ் மேக்கை (அனுப்பிய கருவியின் அட்ரஸ்) மட்டும் பார்த்து சுவிட்ச் முடிவு செய்கிறது. ஹாஸ்டலில் இருந்து மேலே வரும்போது ஒவ்வொரு பையனின் லேப்டாப்புக்கும் ஒரு மேக், அதனால் இரண்டு பக்கமும் பிரிகிறது. கீழே இறங்கும்போது? இன்டர்நெட்டில் எங்கிருந்து வந்த பாக்கெட்டாக இருந்தாலும், ஹாஸ்டல் விலானுக்குள் ஃபயர்வால் தன் மேக்கை சோர்ஸாகப் போட்டுத்தான் விடும். ஒரே மேக், ஒரே ஹாஷ் (அட்ரஸை வைத்து ஃபைபரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு), ஒரே ஃபைபர். கல்யாணப் பந்தியில் இரண்டு வரிசை இலை போட்டுவிட்டு, பெண் வீட்டார் எல்லாம் இடது பக்கம் என்று அனுப்பினால் வலது பக்க இலை காயத்தானே செய்யும்?

முதல் வேலை, கோரில் குளோபல் மோடில் போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் எஸ்ஆர்சி-டிஎஸ்டி-ஐபி. இது அந்தச் சுவிட்சில் உள்ள எல்லாச் சேனலுக்கும் சேர்த்து மாறும் என்பதால் கல்லூரி நேரத்தில் தொடாதீர்கள். மாற்றிய பிறகு டெஸ்ட் ஈதர்சேனல் லோட்-பேலன்ஸ் கமாண்டில் ஒரு வெளி சர்வர் ஐபி, ஒரு ஹாஸ்டல் ஐபி கொடுத்தால் எந்த போர்ட்டில் போகும் என்று அதுவே சொல்லும். நாலைந்து ஐபி போட்டுப் பாருங்கள், பிரிவது தெரிந்துவிடும்.

ஆனால் இதோடு பிரச்சினை தீராது. முதலில் இதைச் செய்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.

ரேக்ரூம்:

சார், சொன்ன மாதிரியே எஸ்ஆர்சி-மேக்தான் இருந்தது. மாற்றியதும் தூங்கிக்கொண்டிருந்த போர்ட் எழுந்துவிட்டது. ராத்திரி மொத்தம் 500 தாண்டுகிறது. ஆனால் ஒன்று 300ல் முட்டி டிராப் ஆகும்போது இன்னொன்று 220, 240ல் நிற்கிறது. கூட்டமே இல்லாத மத்தியானத்திலும் ஒரு பையன் தனியாக ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 300க்கு மேல் வரவில்லை. வார்டன் வரைக்கும் புகார் போயிருக்கிறது.

வைகைக்கரை:

வரத்தான் செய்யாது. சோர்ஸ் ஐபி, டெஸ்டினேஷன் ஐபி ஜோடி ஒன்றாக இருக்கும்வரை அந்த ஜோடியின் பாக்கெட் எல்லாம் ஒரே ஃபைபரில்தான் போகும். பாக்கெட் வரிசை குலையக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஸ்பீடு டெஸ்ட் பல கனெக்ஷன் திறந்தாலும் சர்வர் ஒன்றுதான், பையன் ஒருவன்தான். இந்த மாடல்களில் டிசிபி போர்ட் நம்பரை ஹாஷில் சேர்க்கும் வசதி கிடையாது. ஆக அவனுக்கு உச்சவரம்பு 300. மொத்தமும் சரிபாதியாகப் பிரியாது. ஹாஷ் பிரிப்பது ஆட்களை, எம்பிபிஎஸ்ஸை இல்லை.

ஒரு ஃபைபரை எலி கடித்தால் ஹாஸ்டலின் லிமிட் தானாக 300 ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெம்பர் போர்ட்டில் லிமிட்டைப் பங்குபோட்டு வைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. டிராஃபிக் இரண்டாகப் பிரிந்த இடத்தில் போய் மொத்தத்தை அளக்க நினைக்கிறீர்கள். பிரிவதற்கு முன்னால் ஒரே கேபிளில் வருகிற இடம் உங்களிடம் இருக்கிறதே! ஃபயர்வாலில் இருந்து வரும் கோர் போர்ட். அங்கே இன்புட் போலீசர் போடுங்கள், அதாவது உள்ளே வருவதை அளந்து மிஞ்சியதைத் தள்ளிவிடும் லிமிட். ஹாஸ்டல் சப்நெட்டை டெஸ்டினேஷனாக வைத்து ஒரு ஏசிஎல் (எந்த டிராஃபிக் என்று அடையாளம் சொல்லும் பட்டியல்), அதைப் பிடிக்கும் கிளாஸ், அதற்கு 600 எம்பிபிஎஸ். மெம்பர் போர்ட்டுகளில் இருக்கும் 30ஐ எடுத்துவிடுங்கள்.

அதில் பர்ஸ்ட் அளவு, அதாவது ஒரே மூச்சில் எவ்வளவு விடலாம் என்று ஒரு எண் கேட்கும். 8000 பைட்டில் இருந்து 10,00,000 பைட் வரை கொடுக்கலாம். குறைந்தபட்சமே போதும் என்று 8000 கொடுத்துவிடாதீர்கள். 1500 பைட் பாக்கெட் ஐந்துதான் அதற்குள் அடங்கும். 600 எம்பிபிஎஸ்ஸில் அது 0.1 மில்லிசெகண்டு டிராஃபிக். டிசிபி கொத்துக் கொத்தாக அனுப்பும், போலீசர் காத்திருக்க வைக்காது, மிஞ்சியதை அங்கேயே தள்ளிவிடும். விளைவு, 600 என்று எழுதிவைத்தும் அதில் பாதிகூட வராமல் திண்டாடுவீர்கள். உச்ச எண்ணையே கொடுங்கள். அதுவும் சுமார் 13 மில்லிசெகண்டுதான்.

அப்லோடுக்கு இந்த வழி ஆகாது. ஹாஸ்டலில் இருந்து கோருக்குள் அது இரண்டு போர்ட்டில் நுழைகிறது, போலீசர் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி. அக்ரிகேட் போலீசர் ஒன்று உண்டு. ஆனால் அது ஒரே போர்ட்டுக்குள் பல கிளாஸ்கள் பகிர்ந்துகொள்ள மட்டும்தான், இரண்டு போர்ட்டுக்குப் பொதுவாக வைக்க முடியாது. அப்லோடை ஃபயர்வாலிலேயே மடக்குங்கள். ஆளுக்கு இவ்வளவு என்பதையும் அங்கேயே போட்டால் வார்டன் உங்களைத் தேட மாட்டார்.

என்ஓசி_நைட்ஷிஃப்ட்:

பெரிய பெட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். இதே கூத்து எங்கள் பக்கமும் உண்டு, தலைகீழாக. ஜூனிப்பர் எம்எக்ஸ் ரவுட்டரில் ஏஈ இன்டர்ஃபேஸ் (அங்கே போர்ட்-சேனலுக்குப் பெயர்) மேல் 5 ஜி போலீசர் போடலாம், வாங்கிக்கொள்ளும். ஆனால் மெம்பர்கள் இரண்டு பிஎஃப்இயில் (பாக்கெட்டை அனுப்பும் சிப்) இருந்தால், ஒவ்வொரு பிஎஃப்இயும் தன் கணக்கில் முழு 5 ஜியை அனுமதிக்கும். கஸ்டமருக்கு 10 ஜி வரை போகும், பில் மட்டும் 5 ஜிக்கு. போலீசருக்குள் ஷேர்டு-பேண்ட்வித்-போலீசர் என்று ஒரு வரி சேர்த்தால் அந்த 5ஐ மெம்பர் கணக்குப்படி பிரித்துக்கொள்ளும். சிஸ்கோ 6500லும் டிஎஃப்சி கார்டு (தானே பாக்கெட்டை அனுப்பும் கார்டு) ஒவ்வொன்றும் தனியாகத்தான் அளக்கும். பெட்டிக்குப் பெட்டி இது மாறும், சேனல் மேல் லிமிட் போடும் முன் மெம்பர்கள் எந்தச் சிப்பில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்துக்கொண்ட பிறகும் வைகைக்கரை சொன்ன வியாதி இருக்கும். ஒரே ஒரு பெரிய ஃப்ளோ வந்தால் அதற்குக் கிடைப்பது 2.5 ஜிதான்.

டிக்மணி:

நம்ம மைக்ரோடிக் சிஆர்எஸ்3 சீரிஸ் சுவிட்ச்லயும் லிமிட் போர்ட் மேலதான். பாண்டிங் (அங்க சேனலுக்குப் பேரு) ஹார்டுவேர்ல ஓடும்போது ஹாஷ் பாலிசிய என்ன மாத்தினாலும் சிப் கண்டுக்காது, எப்பவும் லேயர் 2, 3, 4 மூணும் சேர்த்துத்தான் பார்க்கும்.

அது சரி, ஒரு கேள்வி. லிமிட்டே 600. ஒரு ஃபைபரே 1000 தாங்கும். அப்ப சேனல் எதுக்கு?

வைகைக்கரை:

இது கேள்வி! ரேக்ரூம் சார், இரண்டு ஃபைபரும் ஒன்று போனால் ஒன்று என்பதற்காக மட்டும்தான் என்றால் சேனலையே கலைத்துவிடலாம். ஹாஸ்டல் 2960ல் ஃப்ளெக்ஸ் லிங்க் போடுங்கள். ஒரு போர்ட்டில் சுவிட்ச்போர்ட் பேக்கப் இன்டர்ஃபேஸ் என்று அடுத்த போர்ட்டைக் காட்டினால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், அது விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். கோரில் இரண்டு போர்ட்டிலும் உங்கள் பழைய கமாண்டே, 30க்குப் பதில் 60. எந்த ஃபைபர் ஓடினாலும் 600. அந்தச் சதவீதம் ஆறு ஆறாகத்தான் நகரும், அதனால் துல்லியமாக எதிர்பார்க்காதீர்கள். இது க்யூவில் நிறுத்தி அனுப்பும், போலீசர் மாதிரி முகத்தில் அடிக்காது, டிசிபிக்கு ரொம்ப இதம்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ளெக்ஸ் லிங்க் போர்ட்டில் லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓடாது. ஹாஸ்டலில் இருந்து வேறு வழியாக இன்னொரு கேபிள் கோருக்கு வந்தால் லூப்தான். பையன்கள் போர்ட்டில் பிபிடியூ கார்டு (வேறு சுவிட்ச் செருகினால் போர்ட்டை மூடும் காவல்) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ரேக்ரூம்:

மெஸ் ஹாலில் இருந்து ஜிம் வழியாக ஒரு பழைய காப்பர் கேபிள் கோர் ரூமுக்கு வருகிறது. யார் இழுத்தது என்று தெரியவில்லை, ஆனால் லைட் எரிகிறது. அதனால் இப்போதைக்கு ஃப்ளெக்ஸ் லிங்க் வேண்டாம், போலீசர் வழியே போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் எழும் முன் போட்டுவிடுகிறேன்.

என்ஓசி_நைட்ஷிஃப்ட்:

போலீசர் வேலை செய்ய சுவிட்ச் முழுவதற்குமான எம்எல்எஸ் க்யூஓஎஸ் கமாண்டை ஆன் செய்ய வேண்டியிருக்கும். ஆன் செய்த நொடியில் டிரஸ்ட் (வந்த குறியை நம்பு என்ற கமாண்ட்) போடாத எல்லா போர்ட்டிலும் டிஎஸ்சிபியை (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி) அழித்து 0 ஆக்கிவிடும். கல்லூரியில் ஐபி போன் இருந்தால் அந்த போர்ட்டுகளுக்கும் அப்லிங்குகளுக்கும் முதலில் டிரஸ்ட் டிஎஸ்சிபி போட்டுவிட்டு, அப்புறம் ஆன் செய்யுங்கள்.