சர்க்கரை அளவைச் செல்பேசியில் பார்த்தாலே அம்மா கலங்குகிறார், வழி சொல்லுங்கள்

சேலம் நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் இருக்கும் என் அம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். பரிசோதனை முடிவுகள் இப்போது அவருடைய செல்பேசிக்கே வந்துவிடுகின்றன. எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை எண் கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரிதான் என்று எத்தனை சொன்னாலும், எண் கூடியிருந்தால் அழுகிறார், சாப்பாட்டையே ஒதுக்கிவிடுகிறார். சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடுமே! செயலியையே நீக்கிவிடச் சொல்கிறார் அண்ணன். எனக்கு உடன்பாடில்லை; ஆபா என்னும் 14 இலக்க அரசு சுகாதார அடையாள எண்ணில் இணைத்த பழைய பதிவுகள் புதிய மருத்துவரிடம் காட்ட மிகவும் உதவுகின்றன.

முடிவுகள் முதலில் எனக்கு மட்டும் வரும்படி செய்ய முடியுமா? நோயாளியின் மனவேதனையையும் பொறுமையாகக் கேட்கும் சர்க்கரை நோய் மருத்துவர் சேலத்தில் யார்? அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் பேசியவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.