பழைய வீடியோ கேம் கன்சோலைக் கையடக்கமாக்கியவர்கள் வாங்க: முதல் முயற்சியில் எங்கே இடித்தது?

முதலில் வெட்டிவிட்டு அப்புறம் யோசித்தவன் நான். என் கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.

டிவியில் செருகி விளையாடும் கன்சோலைப் பிரித்து, ஸ்க்ரீனும் பேட்டரியும் சேர்த்துக் கைக்குள் கொண்டுவருவது இன்று நேற்று வந்த பைத்தியம் இல்லை. 1977இல் வந்த அட்டாரி 2600ஐ பெஞ்சமின் ஹெக்கென்டார்ன் 2000ஆம் ஆண்டிலேயே அப்படிச் செய்து காட்டிவிட்டார். அவர் செய்தவற்றின் படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் கை அரித்தது. நான் எடுத்ததோ நின்டெண்டோ 64. அதற்கு முன் சால்டரிங் அயர்னைப் பிடித்ததே இரண்டு தடவைதான், அதுவும் அறுந்த ஹெட்போன் ஒயரை ஒட்ட.

பிரித்துப் பார்த்தால் போர்டு அப்படியொன்றும் பெரிதில்லை. கேம் கேட்ரிட்ஜைச் செருகும், நிமிர்ந்து நிற்கும் ஸ்லாட்தான் இடைஞ்சல். அதைக் கழற்றி போர்டுக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டால் பெட்டி மெலிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, பெட்டியில் அதற்கான வாயையும் முதலிலேயே அறுத்துவிட்டேன். ஸ்லாட்டுக்கு 50 பின். பழைய ஹார்ட் டிஸ்க் ரிப்பன் கேபிளை இழை இழையாகக் கிழித்து, 50 ஒயர், 100 சால்டர் பற்று, மூன்று ராத்திரி. மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். எல்லாமே பீப் என்றது. பவர் கொடுத்தேன். கருப்பு ஸ்க்ரீன்.

இரண்டு நாள் எல்லாப் பற்றுகளையும் திரும்பச் சூடாக்கினேன். மூன்றாம் நாள் டிராயருக்குள் ஸ்க்ரூ தேடும்போது ஒரு குட்டிப் பெட்டி கையில் தட்டுப்பட்டது. ஜம்பர் பேக்! முன்பக்க மூடிக்குள் இருந்ததை, "இதற்குள் ஒன்றுமே இல்லையே, எதற்கு இடத்தை அடைக்கிறது" என்று முதல் நாளே பிடுங்கிப் போட்டிருந்தேன். அதுவோ, 4 எம்பி கூடுதல் மெமரி தரும் எக்ஸ்பான்ஷன் பேக்கோ, இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்தக் கன்சோல் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மெமரி சிக்னல் போகும் பாதைகளின் கடைசி முனையை அடைத்துவைப்பது அந்த ஒன்றுமில்லாத பெட்டிதான்.

செருகியதும் லோகோ வந்தது. கத்தியே விட்டேன். ஒரு நிமிடத்தில் படம் உறைந்து நின்றது.

இந்தத் தடவை கோளாறு ஒயரின் நீளத்தில். ஒவ்வொன்றும் ஒரு ஜாண் இருந்தது, 20 சென்டிமீட்டருக்குக் குறையாது. மல்டிமீட்டருக்கு அது நல்ல ஒயர்தான், வேகமாக ஓடும் சிக்னலுக்கு இல்லை. 6 சென்டிமீட்டராகக் குறைத்ததும் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடியது. ஆனால் ஒயர் குட்டையானதும் ஸ்லாட் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அறுத்துவைத்த வாய் ஒரு பக்கம், ஸ்லாட் ஒரு பக்கம். பெட்டி குப்பைக்குப் போனது.

சரி, உங்கள் கதை?

*

நண்பரே, நான் சோம்பேறி, அதனால் தப்பித்தேன். நான் எடுத்தது பழைய 8 பிட் கன்சோலின் மலிவுப் போலி. உள்ளே உள்ளங்கை அளவு போர்டு, நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு. மொத்தக் கன்சோலும் அந்தப் பொட்டுக்குள்தான். அசல் எதையும் நாசம் பண்ணுகிறோம் என்ற உறுத்தல் இல்லை. முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஆசைப்பட்ட கன்சோல் மூன்றாவதாக இருக்கட்டும்.

எனக்கு இடித்தது சூட்டில். போர்டில் வோல்ட்டை 5க்கு இறக்கித் தரும் 7805 ரெகுலேட்டர் இருந்தது. அடாப்டரில் ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை. நான் இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக இணைத்திருந்தேன், முழு சார்ஜில் 8.4 வோல்ட். 7805 அதில் 5 வோல்ட்டை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சம் 3.4ஐ அப்படியே சூடாக்கிவிடும். அரை ஆம்பியர் இழுத்தால் 1.7 வாட் வெறும் சூடு. திறந்த மேசையில் பரவாயில்லை, மூடிய பெட்டிக்குள் இருபது நிமிடத்தில் பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டு அதே மூன்று காலில், மிச்சத்தை இவ்வளவு சூடாக்காத சின்ன ஸ்விட்சிங் ரெகுலேட்டரைப் போட்டேன். தொட்டால் லேசாக வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

ஸ்க்ரீன், கார் ரிவர்ஸ் கேமராவுக்கு வரும் 12 வோல்ட் ரகம். பிரித்து அளந்தால் அதுவே உள்ளே 12ஐ 5 ஆக இறக்கித்தான் பயன்படுத்துகிறது. அந்த 5 வோல்ட் புள்ளியிலேயே நேராகக் கொடுத்துவிட்டேன். எல்லா ஸ்க்ரீனும் அப்படி இருக்காது, உங்களுடையதை அளந்து பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

பட்டன் பக்கம் பெரிய வேலை இல்லை. அசல் என்இஎஸ் (நின்டெண்டோவின் 8 பிட் கன்சோல்) கன்ட்ரோலருக்குள் 4021 என்று ஒரே ஒரு சிப், எட்டு பட்டனையும் வரிசையாக அனுப்பிவிடும். மொத்தம் ஐந்தே ஒயர்.

*

பேட்டரியைப் பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

என்னுடையதும் இரண்டு லித்தியம் செல், 18650 ரகம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம், பெயரிலேயே அளவு இருக்கிறது. ஒவ்வொன்றும் 2600 mAh கொள்ளளவு, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 19 Wh. ஸ்க்ரீனோடு 5 வாட் இழுக்கும் என் பெட்டி மூன்று மணி நேரம் சுமாராக ஓடுகிறது. இது நல்ல பக்கம்.

கெட்ட பக்கம்: பெட்டியை மூட ஸ்க்ரூ ஒன்று குறைந்தது. கையில் கிடைத்த கொஞ்சம் நீளமான ஒன்றை முடுக்கினேன். கடைசிச் சுற்றில் லேசாக இறுகிய மாதிரி இருந்தது, பிளாஸ்டிக்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து ஒலி சரியில்லை என்று திறந்தால், செல்லின் மேலுறை கிழிந்து, உலோகத்தில் ஸ்க்ரூ நுனி அளவுக்கு ஒரு குழி. இன்னும் அரைச் சுற்று முடுக்கியிருந்தால் என் மடியிலேயே தீப்பிடித்திருக்கும். அன்றே செல்லைத் தூக்கிவிட்டேன். இப்போது செல்லுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இல்லாமல் பெட்டி வரைவதில்லை. பாதுகாப்பு சர்க்யூட் கட்டாயம் வேண்டும், ஆனால் ஓட்டையை அது தடுக்காது. செல்மேல் நேராக சால்டரும் வைக்காதீர்கள், தகட்டுப் பட்டி வைத்து வெல்டு செய்தே வரும் செல்களை வாங்குங்கள்.

*

புதியவன். நேராக நின்டெண்டோ வீயில் தொடங்கலாமா? போர்டையே அறுத்துச் சின்னதாக்குகிறார்களே, பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

*

தொடங்கியவன் மறுபடி வந்தேன். ஆசை புரிகிறது, வேண்டாம். அந்த போர்டின் ஓரங்களை அறுத்தால் மின்சாரம் தரும் பகுதியும் சேர்ந்தே போய்விடும். பிறகு 1, 1.15, 1.8, 3.3 என்று தனித்தனி வோல்ட்டை நாமே உருவாக்கி ஊட்ட வேண்டும். ஒன்று பிசகினால் எது பிசகியது என்றே தெரியாது. மேலே நண்பர் சொன்ன பிசின் பொட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஸ்க்ரூ கதையைப் படித்ததும் எழுந்து போய் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நல்லவேளை, ஒன்றுமில்லை. இரண்டாவது நின்டெண்டோ 64 இப்போது ஒரு பலகைமேல் திறந்து கிடக்கிறது. போர்டு, ஸ்க்ரீன், பேட்டரி எல்லாம் டேப் ஒட்டி, இரண்டு வாரமாக அப்படியேதான் விளையாடுகிறேன். ஜம்பர் பேக்குக்குச் சிவப்பு டேப்.