கோமதி ஆச்சி வீட்டார்: ஞாயிறு எத்தனை இலை?

வியாழன், காலை 6:12

சங்கரன்: அனைவருக்கும் காலை வணக்கம் 🙏 ஞாயிற்றுக்கிழமை அப்பா திதி. எத்தனை இலை என்று சமைக்கிற தவசுப்பிள்ளை நாளை மாலைக்குள் சொல்லச் சொல்கிறார். வருபவர்கள் பெயர் போடவும். இன்னொரு நல்ல செய்தி. செந்தில் கேட்ட நாய்க்குட்டி ராஜபாளையத்தில் அமைந்துவிட்டது. சுத்த வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஆண். 45 நாள் ஆகிறது. 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். திதி முடிந்து கையோடு எடுத்துப் போகலாம்.

முருகேஷ்: நாங்கள் 4

பார்வதி: நானும் அவரும். அண்ணாச்சி, பாயசம் போன வருஷம் மாதிரி தண்ணீராக வேண்டாம்.

வித்யா: என்ன நாய்க்குட்டி?

முருகேஷ்: போச்சு

தீபா: சிங்கப்பூரில் மணி எட்டே முக்கால். டீயோடு உட்கார்ந்துவிட்டேன். நடத்துங்கள்.

செந்தில்: பெரியப்பா, சும்மா விலை விசாரிக்கத்தானே சொன்னேன்.

சங்கரன்: இல்லையே. ஆடி அமாவாசை அன்று நீ அனுப்பியது என்னிடம் அப்படியே இருக்கிறது. அனுப்பவா?

செந்தில்: வேண்டாம் பெரியப்பா

வித்யா: அனுப்புங்கள் மாமா.

சங்கரன்: (முன்னனுப்பியது) "நல்ல ஜாதியாகப் பாருங்கள் பெரியப்பா. பணம் பிரச்சினை இல்லை. வித்யாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

முருகேஷ்: "பேசிக்கொள்கிறேன்" 😂😂

வித்யா: மாமா, உங்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். எட்டு மாதமாக நானும் இவரும் மல்லுக்கட்டி, போன மாதம்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். பூனை. ஒன்றே ஒன்று. தரையோடு வீடு அமைகிற காலத்தில் நாய். பெரம்பூர் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இவர் ஏழு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி எட்டுக்குத்தான் வருகிறார். நான் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். நாயை இரண்டு வேளை கீழே இறக்கி நடத்துவது யார்? இந்த ஒரு கேள்விக்குத்தான் விடை கேட்டேன்.

செந்தில்: காலையில் நான் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேனே.

வித்யா: ஜிம்முக்கும் அப்படித்தான் சொன்னீர்கள்.

சாந்தா: வித்யா, குழுவில் வேண்டாம்மா.

தீபா: அம்மா, குழுவில்தான் நன்றாக இருக்கிறது.

குமார்: நாங்கள் 3, அம்மாவோடு 4.

சங்கரன்: இதுவரை 10. சாந்தா? செந்தில்?

காலை 7:55

பிரியா: பெரியப்பா, இப்போதுதான் பார்த்தேன். 45 நாளா??

சங்கரன்: ஆமாம், கண் நன்றாகத் திறந்து ஓடுகிறது.

பிரியா: எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது பெரியப்பா. 2017இல் வந்த விதி. குட்டி கடிக்காமல் விளையாடப் பழகுவதே அந்த வாரங்களில் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான். அப்புறம், பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தீர்களா? சுத்த வெள்ளையில் சிலதுக்குக் காது கேட்காது.

சங்கரன்: கூப்பிட்டேன், வந்தது.

பிரியா: முன்னால் நின்றா, பின்னால் நின்றா?

சங்கரன்: தட்டில் பால் வைத்திருந்தேன்.

முருகேஷ்: பால் வைத்தால் நானும் வருவேன் மாமா

சங்கரன்: எல்லாரும் கேலி செய்யுங்கள். ராஜபாளையம் நாயின் பெருமை இந்தத் தலைமுறைக்குத் தெரியவில்லை. 2005 ஜனவரி 9ஆம் தேதி தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், நம் ராஜபாளையம். தமிழ்நாட்டிலிருந்து அது ஒன்றுதான். அன்றைக்குப் பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையக் கவுன்டரில் இருந்தவன் நான். என் கையால் எத்தனை பேருக்குக் கிழித்துக் கொடுத்திருப்பேன். கோம்பை உண்டு, சிப்பிப்பாறை உண்டு, கன்னி உண்டு. தலையில் ஏறியது ராஜபாளையம்தான். சொந்த ஊர் நாயை விட்டுவிட்டுப் பூனை என்றால் எனக்கு மனம் ஆறவில்லை. ரயிலில் கொண்டுபோவதையும் விசாரித்துவிட்டேன். முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதும் எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் நாய்ப்பெட்டி.

தீபா: பெரியப்பா, நாய் முதல் வகுப்பு ஏசியில். செந்தில் எதில்?

முருகேஷ்: நாய்ப்பெட்டியில்

வித்யா: 👍

பிரியா: நல்ல நாய்தான் பெரியப்பா, யார் இல்லை என்றது? ஆனால் அது வேட்டை நாய். தோள்பட்டை உயரமே இரண்டடிக்கு மேல் வரும். ஓட இடம் வேண்டும். இரண்டாம் மாடியில் வைத்தால் சோபாவைத்தான் வேட்டையாடும்.

செந்தில்: அசோசியேஷனில் வேறு நாய் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

சங்கரன்: அது செல்லாது. விலங்கு நல வாரியம் 2015இலேயே சொல்லிவிட்டது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. மாநகராட்சி உரிமம் மட்டும் எடுத்துக்கொள்.

வித்யா: செல்லாதுதான் மாமா. ஆனால் செயலாளர் முகத்தில் தினமும் விழிக்கப்போவது நான்.

காலை 10:20

சாந்தா: நான் உண்டு அத்தான். எனக்கு ஒரு சந்தேகம். மீன் வாங்கினீர்களே, அது என்ன ஆயிற்று?

செந்தில்: அம்மா

வித்யா: அதுவும் ஒரு சமாதானம்தான் அத்தை. நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம் என்று கொளத்தூர் போய்த் தொட்டி, மோட்டார், கல், பிளாஸ்டிக் செடி, ஆறு கோல்டு ஃபிஷ் வாங்கினோம். இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றை வாங்கினால் சண்டை வராது என்று கணக்கு. ஒன்பதாம் நாள் கடைசி மீனும் போனது. இரையை அதிகம் போட்டது யார் என்று அதற்கொரு சண்டை.

பிரியா: புதுத் தொட்டியில் முதல் நாளே ஆறா? மதினி, தண்ணீரில் நல்ல பாக்டீரியா சேரவே சில வாரம் ஆகும். அதற்குள் மீனின் கழிவே மீனைக் கொன்றுவிடும்.

செந்தில்: அப்போ இரை காரணம் இல்லை!

பிரியா: இரையும் காரணம்தான்.

முருகேஷ்: பேசாமல் கிளி வாங்குங்கள். ஆச்சி வீட்டில் இருந்ததே.

பிரியா: பச்சைக்கிளி வளர்த்தால் கேஸ் அத்தான். 1972 வனவிலங்குச் சட்டம். நட்சத்திர ஆமைக்கும் அதேதான்.

கோமதி ஆச்சி: (குரல் பதிவு 1:14)

பிரியா: கேட்காதவர்களுக்கு. கிளியை ஆச்சி வாங்கவில்லையாம், மாமரத்திலிருந்து விழுந்த குஞ்சாம். "கோமதி, பால் வந்தாச்சு" என்று கூப்பிடுமாம். போலீஸ் வந்தால் வரட்டும், கிளி செத்து முப்பது வருஷம் ஆகிறது என்கிறார். மீதி நேரம் அப்பாவைத் திட்டுகிறார்.

பார்வதி: நாய் என்றாலே எனக்கு அந்தத் தீபாவளிதான் ஞாபகம் வருகிறது.

முருகேஷ்: ஆரம்பித்துவிட்டது

தீபா: 1986

பார்வதி: சிரிக்காதே தீபா. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை நாய் மணி கெண்டைக்காலில் கவ்வி, புது வேட்டியெல்லாம் ரத்தம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. இன்றைக்கும் அவர் அந்தத் தெருப் பக்கம் நடக்கமாட்டார். அழிக்கதவைத் திறந்து வைத்தது யார் என்று இதுவரை ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சங்கரன்: நான் அன்று பட்டாசுக் கடையில் இருந்தேன் என்று 100 தடவை சொல்லியாயிற்று.

குமார்: எனக்குப் பதிமூன்று வயது.

பார்வதி: பதிமூன்று வயதுப் பையனுக்குக் கதவு திறக்கத் தெரியாதா?

சங்கரன்: அந்தப் பதினாலு ஊசி ஏன் என்று தெரியுமா? அந்த மருந்து செம்மறியாட்டு மூளையிலிருந்து எடுத்தது. குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தில் தயாரிப்பார்கள். வீரியம் குறைவு, அதனால் தினமும் ஒன்று. தபால் பார்சலில்

சங்கரன்: தவறுதலாக அனுப்பிவிட்டேன். தொடர்கிறேன்.

பிரியா: இப்போது கையில் நாலைந்து ஊசிதான் பெரியப்பா. பூனை கடித்தாலும் கீறினாலும் அதே ஊசி. வித்யா மதினி, பூனைக்கும் மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி உண்டு, விட்டுவிடாதீர்கள்.

வித்யா: குறித்துக்கொண்டேன்.

மதியம் 1:40

சாந்தா: வித்யா, பூனைக்குச் சாப்பாடு என்ன கொடுப்பாய்?

வித்யா: பாக்கெட்டில் வருகிறது அத்தை. மொறுமொறுவென்று இருக்கும்.

சாந்தா: அதில் என்ன இருக்கிறது?

வித்யா: தானியம்... அப்புறம் சில சத்து.

பிரியா: கோழி, மீன்.

சாந்தா: ..

தீபா: பிரியா 😂

சங்கரன்: தேவையே இல்லை. நம் வீட்டுப் பூனை தயிர்ச்சாதம் தின்றே பன்னிரண்டு வருஷம் இருந்தது.

பிரியா: பெரியப்பா, அது பகலில் உங்களிடம் தயிர்ச்சாதம், ராத்திரி அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி. நீங்கள் பார்த்தது பாதி இலைதான். நாய்கூடச் சைவத்தில் ஒருவாறு சமாளிக்கும். பூனையால் முடியாது. டாரின் என்று ஒரு சத்து இறைச்சியில்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் கண் போகும், இதயம் வீங்கும். மாடி வீட்டில் எலிக்கு எங்கே போகும்?

செந்தில்: பார்த்தீர்களா? நாய் சைவம்!

வித்யா: இதற்காகத்தான் உங்கள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சாந்தா: சமையலறையில் வேண்டாம். பால்கனியில் தனித்தட்டு. ஸ்பூனும் தனி.

வித்யா: சரி அத்தை.

சாந்தா: நான் வரும்போது மூடி போட்ட டப்பாவில் இருக்க வேண்டும்.

வித்யா: சரி அத்தை.

செந்தில்: அம்மா, நீ எப்போது அந்தக் கட்சிக்குப் போனாய்?

சாந்தா: உனக்கு ஏழு வயதில் கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுத்தேனே, அதை வளர்த்தது யார்?

தீபா: இங்கே வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பூனையே கூடாது என்று பல வருஷம் இருந்தது. 2024 செப்டம்பரில்தான் உரிமத்தோடு இரண்டு வரை வளர்க்கலாம் என்றார்கள். அதற்கு முன்பே என் பக்கத்து வீட்டில் மூன்று. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

பார்வதி: நான் ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணமாகி நாலு வருஷம். முதலில் தொட்டில் கட்டுகிற வழியைப் பார்க்காமல் நாய், பூனை என்று. பூனை முடி வயிற்றுக்குள் போனால் கரு தங்காது என்று வேறு சொல்கிறார்கள்.

சாந்தா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தீபா: அத்தை.

முருகேஷ்: அம்மா, போனைக் கீழே வை.

செந்தில்: அத்தை, அது எங்கள் விஷயம்.

மதியம் 2:25

பிரியா: முடியால் ஒன்றும் இல்லை அத்தை. டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமி, சில பூனைகளின் மலத்தில் வரும். சரியாக வேகாத இறைச்சியிலும் வரும். மலம் போடும் தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் தப்பிக்கலாம், ஒரு நாளாவது கிடந்தால்தான் அது தொற்றும் நிலைக்கு வரும். கர்ப்பிணிகள் அந்தத் தட்டைத் தொடாமல் இருந்தால் போதும்.

வித்யா: தட்டு இவர் வேலை. ஒப்பந்தத்தில் இருக்கிறது. பெயர் வைப்பதும் இவர்தான். கட்டிலில் ஏற்றக் கூடாது என்பது இவர் நிபந்தனை, தூக்கிக் கொஞ்சச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பதும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அப்புறமும் பெரிய மாமாவிடம் நாய்.

செந்தில்: ஒப்பந்தம் போட்டது போன மாதம். ஆடி அமாவாசை அதற்கு முன்னால்.

வித்யா: அப்படியானால் அவரிடம் வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை?

செந்தில்: மறந்துவிட்டேன்

வித்யா: மறந்துவிட்டீர்களா, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டீர்களா?

செந்தில்: இரண்டாவது

முருகேஷ்: மாப்பிள்ளை, இதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம்

கோமதி ஆச்சி: (குரல் பதிவு 2:03)

பிரியா: அப்படியே சொல்கிறேன், என்னைத் திட்டாதீர்கள். "பார்வதி, உனக்கு முருகேஷ் பிறக்கும்வரை உன் மாமியார் பேசிய பேச்சுக்கு நீ இங்கே வந்து அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பிள்ளையைச் சும்மா விடு. அழிக்கதவைத் திறந்தது நான்தான். பால்காரன் வந்தான், திறந்தேன், மூட மறந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லப் பயம், அப்படியே விட்டுவிட்டேன். போதுமா?"

குமார்: அம்மா!!

சங்கரன்: 39 வருஷமாக என்னைச் சொன்னீர்களே

தீபா: தாத்தா திதிக்குச் சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் பார்க்கிறேன்

முருகேஷ்: அப்பாவிடம் யார் சொல்வது?

பார்வதி: யாரும் சொல்ல வேண்டாம்.

இரவு 8:50

சங்கரன்: கடைக்காரரிடம் பேசினேன். எட்டு வாரம் ஆன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். முன்பணம் திரும்பாது. வேறு யாராவது எடுத்தால் மாற்றிக் கொடுப்பாராம்.

முருகேஷ்: மாமா, நான் எடுத்துக்கொள்கிறேன். கடையம் தோப்பில் ஓடட்டும். இடத்துக்குப் பஞ்சமா?

பிரியா: அத்தான், தோப்பில் தனியாகக் கட்டிப்போடக் கூடாது. ஆள் இருக்கிற வீட்டில் வளர வேண்டிய நாய்.

முருகேஷ்: ஆள் இருக்கிறதே, நாங்கள் நாலு பேர்

சுமதி: எந்த நாலு பேர்?

முருகேஷ்: ..

சுமதி: மாமா, எங்களுக்கு நாய் வேண்டாம். இவர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

செந்தில்: வித்யா, ஞாயிறு ராஜபாளையம் போய்க் குட்டியைச் சும்மா பார்த்துவிட்டு வரலாமா? பார்க்க மட்டும்.

வித்யா: சனிக்கிழமை அயனாவரத்தில் பூனைக்குட்டி எடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறோம். எடுத்தால் ஞாயிறு அதைத் தனியாக விட முடியாது. நான் வரவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள்.

செந்தில்: தாத்தா திதிக்கு நீ இல்லாமலா?

சாந்தா: பூனையை அடுத்த வாரம் எடுக்கக் கூடாதா?

வித்யா: கேட்டுப் பார்க்கிறேன் அத்தை. குட்டியின் படம் அனுப்பவா?

சாந்தா: அனுப்பு.

வித்யா: (படம்)

சாந்தா: காது ஒன்று கறுப்பா?

வித்யா: ஒன்றுதான்.

சாந்தா: சரி, மூடி போட்ட டப்பா மறக்காதே.

சங்கரன்: பூனை ஒரு பக்கம் இருக்கட்டும். தவசுப்பிள்ளை மறுபடி கூப்பிட்டுவிட்டார். எங்கள் வீட்டு 2 சேர்த்து 15ஆ, வித்யா இல்லாமல் 14ஆ?

தீபா: நான் வந்தால் 16

சுமதி: என்னங்க, குழுவில் இல்லை. போனை எடுங்க.

சங்கரன்: 15 என்று சொல்லிவைக்கிறேன்.