முத்துலட்சுமி ரெட்டி பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், எதைச் சொல்வது, எதை விடுவது?

சுகாதாரச் செவிலி:

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியர். ஜூலை 30 அன்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவமனை தினம் கொண்டாடுகிறோம். பேச்சு வேலையை டாக்டரம்மா என் தலையில் கட்டிவிட்டார். எதிரே உட்காரப் போகிறவர்கள் கர்ப்பிணிகள், துணைக்கு வரும் மாமியார்கள், அங்கன்வாடி டீச்சர், கொஞ்சம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முத்துலட்சுமி ரெட்டி என்றால் மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய், அவ்வளவுதான். "சிஸ்டர், முத்துலட்சுமி வந்துருச்சா?" என்று கேட்பார்கள். தவணை தள்ளிப்போனால் திட்டு எனக்கு. அது அந்தக் காலத்தில் டாக்டராகவும் சட்டசபை உறுப்பினராகவும் இருந்த ஒரு மனுஷியின் பெயர் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

போன தடவை பேசியவர் 'முதல் பெண்' பட்டியலை வாசித்தார். முதல் மாணவி, முதல் உறுப்பினர், முதல் துணைத் தலைவர்... நாலாவது 'முதல்' வருவதற்குள் கூட்டம் பிஸ்கெட் பாக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அந்தப் பட்டியல் வேண்டாம். கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, வீட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் இத்தனையும் எப்படிச் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்? அப்புறம், அவருடைய அம்மா தேவதாசி மரபு இருந்த இசை வேளாளர் குடும்பம் என்பதைச் சபையில் சொல்லலாமா, வேண்டாமா?

புதுக்கோட்டைக்காரன்:

எங்கள் ஊர்ப் பெண் என்று ஆரம்பியுங்கள் சிஸ்டர்! ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைக் காதில் வாங்காமல் இடம் கொடுத்தார். அப்புறம் ஒன்று, ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை. இதைச் சொல்லிப் பாருங்கள், மாமியார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சாக்பீஸ் (ஓய்வுபெற்ற ஆசிரியை):

ஜெமினி கணேசனை ஒரே வரியில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடமும் சாவித்திரி கதைக்குப் போய்விடும். எங்கள் பள்ளி விழாவில் அப்படித்தான் ஆனது.

நான் பேசுவதானால் தங்கையிடமிருந்துதான் தொடங்குவேன். முத்துலட்சுமியின் தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். அக்கா டாக்டர், அத்திம்பேர் டாக்டர், கூப்பிட்டால் ஓடிவரக்கூடிய டாக்டர் நண்பர்களும் உண்டு. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. 1923-ல் இறந்துபோனார். டாக்டர் வீட்டிலேயே இந்த நிலை என்றால் மற்றவர்கள் வீட்டில் என்ன கதி? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். யாரும் உடனே ஓடிவந்து கட்டித் தரவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார்கள். சங்கத்துப் பெண்கள்தான் நன்கொடைக்கு அலைந்தார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். தங்கை போய் 31 வருஷம்! முத்துலட்சுமி அம்மாவுக்கு அப்போது வயது 67. அந்த ஆஸ்பத்திரியை எடுத்து நடத்தியவர் இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, கூடவே டாக்டர் சாந்தா. குடும்பம், தொண்டு என்று இரண்டு அத்தியாயமாகப் பிரித்துப் பேசவே முடியாத வாழ்க்கை இது. நீங்கள் தேடுகிற 'எப்படிச் செய்தார்' இதில்தான் இருக்கிறது. வீட்டுத் துக்கத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை.

அவ்வை இல்லமும் வீட்டு வாசலில் தொடங்கியதுதான். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து தப்பி வந்த சில பெண்களுக்கு விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. ராத்திரி நேரத்தில் இவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். 1930-ல் இப்படித் தொடங்கியது, பிறகு அடையாறில் நிரந்தர இடத்துக்குப் போனது. அதே 1930-ல்தான் காந்தி கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியையும் உதறினார்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். அப்பா நாராயணசாமி ஐயர், அம்மா சந்திரம்மாள். அம்மா பிறந்த சமூகத்துப் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் எதில் போய் முடிகிறது என்பதை முத்துலட்சுமி தன் உறவுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தவர். அதை மறைத்துவிட்டால், சட்டசபையில் அவர் அந்த வழக்கத்தை எதிர்த்து நின்றது ஏதோ வெளியாள் வந்து செய்த உபகாரம் மாதிரி ஆகிவிடும். தயங்கித் தயங்கிச் சொல்லாதீர்கள். பெற்றோர் பெயரைச் சொல்கிற சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

வழிப்போக்கன்:

இரண்டு எச்சரிக்கை. 'இந்தியாவின் முதல் பெண் டாக்டர்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே எடுத்துவிடாதீர்கள். கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும், அமெரிக்கா போய் ஆனந்திபாய் ஜோஷியும் டாக்டர் ஆனது 1886-ல். இவர் பிறந்ததே அந்த வருஷம்தான்! சென்னை மருத்துவக் கல்லூரியில் இவர் படித்து முடித்தது 1912. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் என்று சொல்லுங்கள், உங்கள் கூட்டத்துக்கு அதுதான் பொருத்தமும் கூட.

இன்னொன்று, சட்டசபையில் தேவதாசி முறை பற்றிய விவாதத்தில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியை ஒரே வரியில் மடக்கினார் என்ற கதை. ஆளுக்கொரு வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள். சபை நடவடிக்கைக் குறிப்பின் பக்கம் கையில் இருந்தால் சொல்லுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். கைதட்டல் கிடைக்கும்தான், ஆனால் செத்துப்போனவர்கள் வாயில் நாம் வசனம் வைக்கக் கூடாது.

சுகாதாரச் செவிலி:

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் டீச்சர், நீங்கள் சொன்ன தங்கை கதையைத்தான் எடுக்கப் போகிறேன். என் பகுதியிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வாருங்கள் என்றால், "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று கொல்லைப்புறமாகப் போய்விடுகிறவர்கள் உண்டு. அவர்களும் அன்று வருவார்கள். தங்கை கதையை முடித்த கையோடு பரிசோதனைத் தேதியைச் சொல்லிவிடலாம்.

சட்டசபை உறுப்பினர், சட்டசபைத் துணைத் தலைவர் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறேன். ஆனால் குழந்தைத் திருமணத்தை அவர் எதிர்த்ததை விட மாட்டேன். 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்றது, இன்றைக்கு 18. பதினாறு வயதுப் பெண்ணை ஆதார் அட்டை இல்லாமல் கூட்டி வந்து, "பத்தொன்பதுன்னு எழுதுங்க, பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்) போடுங்க" என்று என்னிடமே கேட்கிறார்கள். அந்த மாமியார்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு ஆசையாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. வீட்டுக்காரரைப் பற்றி என்ன சொல்வது? "அவருக்கு நல்ல புருஷன் அமைஞ்சார், நமக்கு அமையணுமே" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள்.

சாக்பீஸ் (ஓய்வுபெற்ற ஆசிரியை):

சும்மா அமையவில்லை, கேட்டு வாங்கினார் என்று பதில் சொல்லுங்கள். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கொள்வதற்கு முன், என்னைச் சமமாக மதிக்க வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். அவரும் ஒப்புக்கொண்டார். தன்வரலாற்றில் இவரே எழுதியிருக்கிறார். 1925-ல் பெண்கள், குழந்தைகள் மருத்துவம் பற்றி மேற்படிப்புக்கு லண்டன் போனபோது கணவரும் பிள்ளைகளும் கூடவே போனார்கள்.

கூட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றீர்களே, இந்த இடத்தை அவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள். மாமியார்கள் காதிலும் தானாக விழும். மைக் இருந்தால் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள், தடுப்பூசி போட்ட குழந்தைகள் நடுவில் பேசுவது லேசில்லை.